முதலில் உன் பெரியம்மா கையை நீட்டட்டும்

பம்பாயில் இருக்கும் என் மகனுக்கு,

போன வெள்ளிக்கிழமை உன் பெரியம்மா பட்டம்மாள் என் வளையல் கடைக்கு வந்தாள். தன் பெண் மாலதிக்குப் பார்த்திருந்த கீழ்பென்னாத்தூர் சம்பந்தம் நின்றுவிட்டது, பெண்ணின் சித்திக்குப் பெருநோய் இருக்கிறது என்று மாப்பிள்ளை வீட்டில் யாரோ சொல்லிவிட்டார்கள் என்றாள். எனக்கு வந்திருப்பது பெருநோய் இல்லை என்று மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டைக் கேட்டாள். நான் தரமாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அதே வாரம் உன் கடிதமும் வந்து சேர்ந்தது. பெரியப்பா உனக்கு முன்கூட்டியே எழுதிவிட்டார் என்று தெரிகிறது. "மாலதி என்ன பாவம் செய்தாள், பழசை மறந்து சீட்டைக் கொடுத்துவிடு அம்மா" என்று எழுதியிருக்கிறாய். அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. "என் கல்யாணத்தன்று முழுக்கை ரவிக்கை போட்டுக்கொள், பெண்வீட்டார் கேட்டால் அலர்ஜி என்று சொல்லிவிடு" என்றும் எழுதியிருக்கிறாய். பத்து வருஷத்துக்கு மேலாக நான் வாயைத் திறக்காமல் இருந்ததால் உனக்கும் விஷயம் பாதிதான் தெரியும். அதனால் முழுசாக எழுதுகிறேன். அறையில் உன்னோடு இருக்கிற பையன்களுக்கும் படித்துக் காட்டு. இதில் மறைக்க ஒன்றும் இல்லை.

வளையல் வியாபாரம் மற்ற வியாபாரம் மாதிரி இல்லை. அரிசிக்காரன் அரிசியை அளந்து கொட்டினால் தீர்ந்தது. துணிக்காரன் கிழித்துக் கொடுத்தால் தீர்ந்தது. எங்களுக்கு அப்படி இல்லை. வந்தவள் கையை நம் கையில் வாங்க வேண்டும். கட்டைவிரல் மேட்டை உள்ளே அமுக்கி, விரல்களைக் குவித்து, "கையைத் தளர்த்தும்மா, எங்கேயோ யோசனையா இருக்கே" என்று பேச்சுக் கொடுத்து, அவள் சிரிக்கிற நேரத்தில் வளையலை ஏற்றிவிட வேண்டும். கொஞ்சம் அளவு சின்னதாக ஏறினால்தான் கையில் நிற்கும், அழகாக இருக்கும். அந்தக் கலை எனக்கு வந்தது. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோது உன் அப்பா வீட்டில் ஒன்றும் கிடையாது. நான்தான் வளையல் கூடையைத் தூக்கிக்கொண்டு அடி அண்ணாமலை, கீழ்பென்னாத்தூர் என்று வீடு வீடாக ஏறினேன். அதில் சேர்த்ததை வைத்துத்தான் தேரடி வீதியில் கடை பிடித்தேன். தீபத் திருநாள் வந்தால் என் கடை முன்னால் பெண்கள் நின்ற கூட்டம் தேர் பார்க்க நின்ற கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டு இருக்கும். உன் பெரியம்மா அப்போது என் கடையில் ஒத்தாசைக்கு உட்கார்ந்தாள். தொழிலை நான்தான் சொல்லிக் கொடுத்தேன். ஓரகத்தியானாலும் அவளை நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். வாயிலும் மனசிலும் அப்படித்தான்.

நீ ஆறாவதோ ஏழாவதோ படித்துக்கொண்டிருந்தாய். இடுப்பில் ஒரு திட்டு வந்தது. லேசான சிவப்பு, மேலே செதில் மாதிரி, அரிப்பு. படை என்று நினைத்து களிம்பு வாங்கிப் பூசினேன். கொஞ்சம் அடங்கும், மறுபடி வரும். பிறகு தொடையில் வந்தது, முதுகில் வந்தது. இங்கிருந்த டாக்டர் ஒருத்தர் எக்சிமா என்றார், இன்னொருத்தர் சொரியாசிஸ் என்றார். ஆளுக்கொரு களிம்பு. கடைசியில் முன்கையில் வந்தது. அதுதான் வினை. மற்ற இடத்தை எல்லாம் சேலை மூடிக்கொள்ளும். வளையல் போடுகிறவள் முன்கையை எதைக் கொண்டு மூடுவது?

அந்தக் காலத்தில் நம் ஜில்லாவில் தோலில் ஒரு திட்டு வந்தால் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது ஒன்றுதான், பெருநோய் என்கிற குஷ்டம். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. தர்ம ஆஸ்பத்திரி வாசலில் முகாம் போட்டிருந்தார்கள். தனியாகப் போகத் தைரியம் இல்லாமல் உன் பெரியம்மாவைத் துணைக்குக் கூட்டிப் போனேன். அங்கே இருந்த ஆள் என்னைக் கண்ணை மூடச் சொல்லி, ஒரு இறகால் திட்டின் மேல் தொட்டார். "தொட்டா தொட்ட எடத்தை விரலால காட்டுங்கம்மா" என்றார். தொட்ட இடத்தையெல்லாம் காட்டினேன். ஊசி முனையால் குத்தினார், சுருக்கென்றது, கையை இழுத்துக்கொண்டேன். முழங்கையிலும் கழுத்திலும் நரம்பை அழுத்திப் பார்த்தார். "உணர்ச்சி முழுசா இருக்கு, நரம்பு தடிக்கல. இது அந்த வியாதி இல்லைம்மா. வேற ஏதோ தோல் கோளாறு. மெட்ராஸ்ல காட்டுங்க" என்றார். உன் பெரியம்மா என் தோளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அந்த ஆளிடம், "அப்ப தொத்தாதுங்களா?" என்று அவளே கேட்டாள். "தொத்தாதும்மா" என்று அவரும் சொன்னார். திரும்பி வரும்போது எனக்குச் சோடா வாங்கிக் கொடுத்தாள்.

இந்த இடத்தை நீ இன்னொரு தரம் படித்துக்கொள். அவள் தெரியாமல் பேசியவள் இல்லை. காதால் கேட்டுவிட்டுப் பேசியவள்.

அடுத்த மாதம் சின்னக்கடைத் தெருவில் ஒரு பெரிய வீட்டில் வளைகாப்பு. என்னைத்தான் கூப்பிட்டிருந்தார்கள், பெரியம்மாவும் கூட வந்தாள். அந்தப் பெண்ணுக்கு ஏழாம் மாதம், கை லேசாக வீங்கியிருந்தது. சோப்பு தடவி, மெதுவாக, வலிக்காமல் ஏற்றிக்கொண்டிருந்தேன். வளையல் விரல் முட்டியைத் தாண்டப் போகிற நேரம். உன் பெரியம்மா அந்த வீட்டு அம்மாளின் காதில் ஏதோ சொன்னதை ஓரக் கண்ணால் பார்த்தேன். தலைவலி மாத்திரை கேட்கிறாள் என்று நினைத்தேன். அந்த அம்மாள் வந்து மருமகள் கையை என் கையிலிருந்து இழுத்தாள். பாதி ஏறிய வளையல் உடைந்து அந்தப் பெண்ணின் கையில் கீறிவிட்டது. "நீங்க வளையலை வச்சிட்டுப் போங்கம்மா. நாங்க போட்டுக்கறோம்" என்றாள். ஏன், என்ன என்று நான் கேட்டேன். உன் பெரியம்மா எழுந்து வந்து, நான் உட்கார்ந்திருந்த பாயை விட்டுவிட்டு வேறு பாயை விரித்து உட்கார்ந்து, அந்தப் பெண்ணின் கையை வாங்கி மீதி வளையலைப் போட்டாள். என் கூடையிலிருந்த வளையலை. நான் சொல்லிக் கொடுத்த மாதிரியே.

பொங்கலுக்குள் என் கடைக்கு எதிரே அவள் கடை திறந்துவிட்டாள். கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்குகிற பெண்களைத் தெரு முனையிலேயே நிறுத்தி, "அந்தக் கடைல கையைக் குடுக்காதம்மா, புள்ளத்தாச்சி வேற" என்று சொல்வாள். அன்பாகத்தான் சொல்வாள். அவளுக்குக் குரலை உயர்த்தவே தெரியாது. உன் அப்பா அண்ணன் வீட்டோடு சண்டை வேண்டாம் என்றார். சண்டை வேண்டாம் என்றவர் என் டம்ளரையும் தட்டையும் எடுத்து ஜன்னலில் தனியாக வைத்தார். கேட்டதற்கு, "குழந்தை இருக்கிற வீடும்மா, ஒரு ஜாக்கிரதைக்குத்தான்" என்றார். அந்தத் தட்டில் ஒரே ஒரு வேளை சாப்பிட்டேன். மறுநாள் அதே தட்டில் அவருக்குச் சோறு போட்டுக் கொண்டுவந்து எதிரே வைத்து, அவர் சாப்பிட்டு முடிக்கிறவரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு தட்டு பழைய இடத்துக்குப் போய்விட்டது. உன் அப்பாவோடு என் கணக்கு அன்றைக்கே தீர்ந்தது. அவர் மேல் எனக்கு இப்போது ஒன்றும் இல்லை.

கையைக் கொடுக்க ஆள் இல்லாவிட்டால் வளையல்காரி என்ன செய்வாள்? ஒரு மாதம் கடையில் ஈ ஓட்டினேன். பிறகு யோசித்தேன். கை நீட்டுகிறவளுக்கு விற்க முடியாவிட்டால், கையில் போட்டுவிடுகிறவளுக்கு விற்கலாம். ஃபிரோசாபாத் சரக்கை மெட்ராஸ் தரகரிடம் எடுத்து, பெட்டி பெட்டியாக ஊர் ஊராகக் கூடைக்காரிகளுக்கும் சின்னக் கடைக்காரர்களுக்கும் மொத்தத்தில் கொடுக்க ஆரம்பித்தேன். பெட்டியைத் திறந்து உடைசலைப் பொறுக்கி, அளவுவாரியாகக் கோத்து அனுப்புவது நானே. வேலூரில் ஒரு பாய் என்னிடம் நிறைய எடுத்தார். அவரிடம்தான் உன் பெரியம்மா தன் கடைக்குச் சரக்கு எடுத்தாள். அது அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். எதிரே உட்கார்ந்து, நான் கோத்த வளையலை அவள் பெண்கள் கையில் ஏற்றுவதை வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் காலேஜ் படிப்பு அதில்தான் நடந்தது. அவளும் சேர்ந்துதான் உன்னைப் படிக்க வைத்தாள் என்று வைத்துக்கொள்.

வியாதி விஷயத்துக்கு வருகிறேன். நீ பம்பாய்க்குப் போன வருஷம் தொடையில் இருந்த திட்டு ஒன்று தடித்துக் கட்டியாக எழும்பியது. இதற்கு மேல் களிம்பை நம்புவது முட்டாள்தனம் என்று மெட்ராஸ் போனேன். அங்கே தோல் டாக்டர் ஒரு அம்மா. என்னைவிட வயதில் சின்னவள், நன்றாகச் சிரிப்பாள், ஆனால் பேச்சில் மழுப்பல் கிடையாது. திட்டிலிருந்து துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினாள். ஒன்றும் நிச்சயமாகத் தெரியவில்லை என்றாள். மறுபடி எடுத்தாள். அப்போதும் தெரியவில்லை. கட்டியிலிருந்து எடுத்தபோதுதான் பிடிபட்டது. இந்த வியாதிக்கு இதுதான் குணமாம். ஆரம்பத்தில் எக்சிமா மாதிரியே வேஷம் போடுமாம், வருஷக்கணக்கில் ஆளை ஏமாற்றுமாம்.

"லிம்போமான்னு பேரும்மா. கான்சர்ல ஒரு ஜாதி. பயப்படாதீங்க, இது மெதுவான ஜாதி" என்றாள். "நம்ம ரத்தத்துல காவல் காக்கிற அணுன்னு ஒண்ணு இருக்கு. அது தோலுக்கு வந்து வேலையை முடிச்சிட்டுப் போகணும். சிலது போகாம அங்கேயே தங்கிப் பெருகிடுது."

"வாடகைக்கு வந்தவன் காலி பண்ண மாட்டேங்கறான்."

"அதேதாம்மா" என்று சிரித்தாள்.

"தொத்துமா? என் புள்ளைக்கு வருமா?"

"தொத்தவே தொத்தாது. பிள்ளைக்கு வரும்னு பயப்பட வேண்டாம்."

"சரி. இன்னா மருந்து இருக்கு? எல்லாத்தையும் எடுத்துப் போடுங்க. பாத்துட்டு எடுத்துக்கறேன்."

டாக்டருக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்துகொண்டு, கடைக்காரர் சரக்கை விரித்துப் போடுகிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னாள். நான் ஒவ்வொன்றுக்கும் என்ன லாபம், என்ன நஷ்டம் என்று கேட்டேன். உனக்கும் எழுதுகிறேன். உன் வாழ்க்கையில் யாருக்காவது எந்த வியாதி வந்தாலும் இப்படித்தான் கேட்க வேண்டும். டாக்டர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வெளியே வந்து அழுகிறவர்கள் ஜாஸ்தி. உள்ளேயே உட்கார்ந்து கேட்கிறவர்கள் கம்மி.

முதலாவது, திட்டு மட்டும் இருக்கும்போது வீரியமான ஸ்டிராய்டு களிம்பு. அரிப்பு அடங்கும், திட்டு மங்கும். ஆனால் என் உடம்பில் கட்டி எழும்பிவிட்டதால் அது மட்டும் போதாது. ரொம்ப நாள் பூசினால் தோல் மெலிந்துவிடும். இரண்டாவது, நைட்ரஜன் மஸ்டர்ட் என்று ஒரு மருந்து. தண்ணீரில் கரைத்துத் தினமும் உடம்பு முழுக்கப் பூச வேண்டும். நல்ல பலன் தரும் என்றாள். ஆனால் பாதிப் பேருக்குத் தோல் வெந்து கொப்புளித்து அலர்ஜி ஆகிவிடும், பூசி விடுகிறவர்கள் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும், பூசின உடம்பு மற்றவர்கள் மேல் படக்கூடாது. மூன்றாவது, ஒரு மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டு ஒளியில் உடம்பைக் காட்டுவது. ஆஸ்பத்திரியில் அதற்கென்று விளக்குப் பெட்டி இருக்கிறது, ஆனால் வாரத்தில் பல நாள் வர வேண்டும். ஊரிலிருந்து வர முடியாதவர்கள் மாத்திரை போட்டுக்கொண்டு வெயிலிலேயே உட்காரலாம். நான்காவது, கட்டி இருக்கிற இடத்துக்கு மட்டும் கரண்ட் வைப்பது. எக்ஸ்ரே மாதிரி ஒரு கதிர், கட்டி கரைந்துவிடும். உடம்புத் தோல் முழுவதுக்கும் எலக்ட்ரான் கதிர் கொடுக்கிற வைத்தியம் வெளிநாட்டில் செய்கிறார்களாம், அதற்குண்டான மிஷின் வசதி இங்கே இல்லை என்றாள். ஐந்தாவது, ஊசி. நரம்பில் ஏற்றுகிற மருந்து. முடி கொட்டும், வாந்தி வரும், ரத்தம் குறையும்.

"எது ஜாஸ்தி சக்தி? ஊசியா?" என்று கேட்டேன்.

"ஜாஸ்தி சக்திதான். ஆனா இப்பவே போட்டா ஜாஸ்தி பலன்னு அர்த்தம் இல்ல. நோய் நெறிக்கட்டிக்கோ உள்ளுக்கோ போனா அப்ப வேணும். இப்ப தோல்ல இருக்கு. தோலுக்கு உண்டான வைத்தியம் போதும்."

"எது முழுசா போக்கும்?"

"போயிடும்னு எழுதித் தரமாட்டேம்மா. அடக்கி வைக்கலாம். பல வருஷம் அடக்கி வைக்கலாம்."

எனக்கு அந்த டாக்டரை அப்போதுதான் பிடித்துப் போயிற்று. முழுசாகப் போக்குகிறேன் என்று சொன்னவர்களிடம் கொடுத்துக் கெட்டது போதும். நான் மருந்துத் தண்ணீரை வேண்டாம் என்றேன். அவள் ஏன் என்று கேட்டாள். "என் உடம்பை மத்தவங்க தொடக்கூடாதுன்னு சொல்ற மருந்து எனக்கு வேணாம். அதை ஏற்கெனவே ஊர்ல ஒருத்தி சொல்லிட்டா" என்றேன். தொடைக் கட்டிக்குக் கரண்ட், மற்றதற்கு மாத்திரையும் வெயிலும் என்று முடிவானது.

நீ லீவில் வந்தபோது மொட்டைமாடியில் தட்டி கட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு, வடகம் காயவைக்கவா என்று கேட்டாய். காய்ந்தது நான். சாப்பிட்ட பிறகு மாத்திரை போட்டுக்கொண்டு, இரண்டு மணி நேரம் கழித்து மாடிக்குப் போக வேண்டும். முதலில் கொஞ்ச நேரம், பிறகு வாரா வாரம் கொஞ்சம் கூட. கூடிப்போனால் தோல் வெந்துவிடும். உன் அப்பா படிக்கட்டில் அலாரக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்து, "திரும்பும்மா, முதுகு ஆச்சு" என்று குரல் கொடுப்பார். அன்றைக்கு முழுக்கக் கறுப்புக் கண்ணாடி கழற்றக்கூடாது, கண்ணுக்குக் கெடுதல். கறுப்புக் கண்ணாடியோடு கல்லாவில் உட்கார்ந்தேன். "இன்னாம்மா, சினிமால நடிக்கப் போறியா?" என்று காய்கறிக்காரி கேட்டாள். "ஆமாம், வில்லி வேஷம்" என்றேன்.

தட்டிக்கு அந்தப் பக்கம் உன் பெரியம்மா வீட்டு மாடி. துணி உலர்த்த வந்தவள் ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "வெட்கமா இல்ல? வயசான காலத்துல இது இன்னா கூத்து?" என்றாள்.

"வெயில்தானே அக்கா. உங்க மாடிக்கும் இதே வெயில்தான் வருது. பயமா இருந்தா கீழே போங்க."

அவள் ஈரத் துணியை வாளியோடு எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டாள். அதற்குப் பிறகு நான் மாடியில் இருக்கிற நேரத்தில் அவள் துணி உலர்த்த வந்ததில்லை. மழைக்காலத்தில் அவள் வீட்டுத் துணி எல்லாம் நாறியது என்று மாலதி சொல்லி எனக்குத் தெரியும். சின்ன சந்தோஷம்தான், ஆனால் அனுபவித்தேன்.

திட்டுகள் மங்கின. முன்கையில் இப்போது நிறம்தான் கொஞ்சம் கறுப்பு, உற்றுப் பார்த்தால்தான் தெரியும். ஆனால் உனக்கு உண்மையைச் சொல்ல வேண்டும். பங்குனியில் முதுகில் புதிதாக இரண்டு கட்டி வந்தது. கரண்ட் வைத்துக் கரைத்தார்கள். அக்குளில் ஒரு நெறி தட்டுப்படுகிறது. அதைச் சோதித்ததில் இப்போதைக்கு நோய் தெரியவில்லை, ஆனால் இன்னும் பெருத்தால் ஊசி போட்டே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டாள். "என் புள்ளை கல்யாணம் வரை பொறுக்கலாமா?" என்று கேட்டேன். யோசித்து, பொறுக்கலாம், மாதாமாதம் வந்து காட்ட வேண்டும் என்றாள். மொட்டைத் தலையோடும் தளர்ந்த உடம்போடும் நான் அந்த மண்டபத்தில் உட்கார விரும்பவில்லை. எனக்கு அங்கே ஒரு வேலை இருக்கிறது. அதற்குக் கை நடுங்கக்கூடாது.

அலர்ஜி என்று சொல் என்றாயே, ஆரணிக்குப் போய் உன் மாமியாரிடம் நானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நிச்சயத்துக்கு முன்பே சொன்னேன். வியாதி பேரைச் சொன்னேன், கான்சர் என்று சொன்னேன், கையைக் காட்டினேன். அந்த அம்மாள் என் முன்கையை உற்றுப் பார்த்தாள். "டாக்டர் தொத்தாதுன்னு சொன்னாங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். "மாப்பிள்ளைக்கு வருமா?" என்றாள். வரும் என்று பயப்பட வேண்டாம் என்றார்கள் என்றேன். "அப்புறம் இன்னா சம்பந்தி, காப்பி ஆறுது" என்றாள். இவ்வளவுதான் விஷயம். மறைத்திருந்தால் நாளைக்கு யாராவது தெரு முனையில் நிறுத்தி அவள் காதில் சொல்லியிருப்பார்கள். ரகசியம் என்று ஒன்று வைத்துக்கொண்டால் அதை விற்க ஒருத்தி வருவாள். நாமே கடை விரித்துவிட்டால் அவளுக்குச் சரக்கு இல்லை. உன் மனைவியிடமும் இப்படியே இரு.

இப்போது வெள்ளிக்கிழமை விஷயம். உன் பெரியம்மா கடைக்குள் ஏறவில்லை, படியிலேயே நின்றாள். கீழ்பென்னாத்தூர் மாப்பிள்ளையின் அம்மா அவளிடம் என்ன சொன்னாள் தெரியுமா? "உங்க வீட்டு வளையல்காரம்மாவுக்குப் பெருநோய்னு நீங்கதானேம்மா எனக்குச் சொன்னீங்க? நான் கடைசிப் புள்ளைக்கு முழுகாம இருந்தப்ப தெரு முனையில நிறுத்திச் சொன்னீங்களே." அந்த வார்த்தையை எனக்குச் சொல்லும்போது உன் பெரியம்மா கண்ணில் தண்ணீர். எனக்கு உள்ளே ஜில்லென்று இருந்தது. பொய் சொல்வானேன், அந்த மாதிரி ஒரு குளிர்ச்சி எனக்கு எந்த மருந்திலும் வந்ததில்லை.

"சீட்டைக் குடுத்தா காட்டிட்டுத் திருப்பிக் குடுத்துடறேன்" என்றாள்.

"சீட்டு எதுக்கு அக்கா? முகாம்ல அந்த ஆளு சொன்னப்போ நீங்க பக்கத்துலதானே நின்னீங்க? தொத்தாதான்னு கேட்டதே நீங்கதானே? போய் அதைச் சொல்லுங்க. உங்க வாயால சொன்னதை உங்க வாயாலேயே மாத்துங்க."

"நான் சொன்னா நம்ப மாட்டாங்கடி."

"அப்போ உங்க கையைக் காட்டுங்க. கையை நம்புவாங்க."

நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முதல்நாள் சாயங்காலம் மண்டபத்தில் பெண்ணுக்கு வளையல் போடுவதற்கு முன், மாப்பிள்ளை வீட்டு மூத்த சுமங்கலிக்குத்தான் முதல் வளையல். உன் கல்யாணத்தில் அந்த மூத்தவள் அவள். போடுகிறவள் வளையல்காரி. வளையல்காரி நான். "அந்தக் கீழ்பென்னாத்தூர்க்காரங்களைக் கூப்பிட்டு முன்னால உட்கார வைக்கிறேன். உங்க முதல் கை என் கைல இருக்கட்டும். அதைவிடப் பெரிய சீட்டு எந்த டாக்டரும் எழுத முடியாது" என்றேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. அங்கே நின்றபடியே தன் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். தானே கட்டிவிட்ட கதையைத் தானே நம்ப ஆரம்பித்துவிட்டாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் மாலதி வந்தாள். எப்போதும் போலக் கல்லாவுக்குள்ளே வந்து என் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள். "சித்தி, நான் நீட்டறேன் கையை. எத்தனை பேர் முன்னாடி வேணும்னாலும் நீட்டறேன். அம்மாவை விட்டுடுங்க" என்றாள். அவளை எனக்குப் பிடிக்கும், உனக்கும் தெரியும். அந்தத் தெருவில் என்னிடம் விடாமல் வளையல் போட்டுக்கொண்டவள் அவள் ஒருத்திதான், அதற்கு வீட்டில் அடி வாங்கியிருக்கிறாள். "உன் கை எனக்கு வேணாம் கண்ணு. உன் கை எப்பவும் என்கிட்டதான் இருந்துது. எனக்கு வேண்டியது நீட்டாத கை" என்றேன். அவள் அழுதாள். என் மனசு இளகவில்லை என்று எழுதமாட்டேன். இளகியும் நான் சொன்னதை மாற்றவில்லை.

பிறகு பெரியப்பா தூது வந்தார். பேரம் என்றால் எனக்குப் பச்சைத் தண்ணீர் குடிக்கிற மாதிரி. மண்டபத்தில் வேண்டாம், வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்றார். முடியாது என்றேன். கையுறை இல்லாவிட்டாலும் ஒரு துணியைப் போட்டு? முடியாது. ஒரு கைக்கு மட்டும்? ஒரு கைக்கு வளையல் போடுவது நல்ல காரியத்துக்கு ஆகுமா மாமா என்று கேட்டேன். கடைசியாக, "அவளுக்கு உண்மையிலேயே பயம்மா. பாவம் பாரு" என்றார். "பத்து வருஷமா அவங்க கடைல போட்ட வளையல் எல்லாம் நான் உட்கார்ந்து கோத்து அனுப்பினது. வேலூர் பாயைக் கேட்டுப் பாருங்க. அவங்க கைக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றேன். அவர் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். போய்ச் சொல்லியிருக்கிறார். அன்று முழுவதும் எதிர்க் கடை சாத்தியிருந்தது. உன் அப்பா, "போதும்மா, விட்டுடேன்" என்றார். "வளைகாப்புல என்கிட்டேருந்து அந்தக் கையைப் புடுங்கினப்போ போதும்னு யாராவது சொன்னாங்களா?" என்றேன். அவர் அலாரத்துக்குச் சாவி கொடுக்கப் போய்விட்டார்.

பெருந்தன்மையாக இரு என்று நீ எழுதியிருக்கிறாய். நான் பெருந்தன்மையை வியாபாரத்தில் ஒரு தரமும் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் பயந்துபோய் விட்டுக்கொடுத்தவர்களைத்தான். ஒருத்தர் உனக்குச் செய்ததை நீ மறந்தால், அவர் அதைச் செய்யவே இல்லை என்று ஊர் எழுதிக்கொள்ளும். நான் அவள் பெண்ணின் வாழ்க்கையைக் கெடுக்கவில்லை, அதை நிமிர்த்தத்தான் போகிறேன். ஆனால் சும்மா நிமிர்த்த மாட்டேன். அவள் கட்டைவிரல் மேட்டை நான் அமுக்கும்போது அவளுக்கு வலிக்கும். வளையல் ஏறுகிறபோது எல்லாருக்கும் கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும்.

நேற்று சாயங்காலம் அவளே கடைக்குள் ஏறி வந்து ஒப்புக்கொண்டாள். பேசி முடித்தது இது. உன் கல்யாணத்துக்கு முதல்நாள், மண்டபத்தில், விளக்கு வைப்பதற்கு முன், கீழ்பென்னாத்தூர்க்காரர்கள் முன்வரிசையில் இருக்க, முதல் கை பட்டம்மாளுடையது. இரண்டு கைக்கும், கண்ணாடி வளையல், கை நிறைய. துணி கிடையாது, சோப்பு கிடையாது, என் வெறுங்கை. முகாமில் அந்த ஆள் என்ன சொன்னார் என்பதை அவள் வாயாலேயே, எல்லாருக்கும் கேட்கிற குரலில் சொல்ல வேண்டும். கல்யாணச் சாப்பாடு முடிகிறவரை கையிலிருந்து ஒரு வளையலையும் கழற்றக்கூடாது. அதன் பிறகு சீட்டை நானே எடுத்துக்கொண்டு கீழ்பென்னாத்தூர் போய் மாலதிக்காகப் பேசுவேன். மாலதியின் கல்யாண வளையல் என் செலவு. அவள் அம்மா வளையலுக்குக் கடை விலை, ஒரு பைசா குறையாது, ரொக்கம். பணத்தைத் தட்டில் வைக்கக்கூடாது. என் உள்ளங்கையில் வைத்து, என் விரலை அவள் மடக்க வேண்டும்.